மண்டியில் இருக்கிற பணம்

டீக்கடைக்காரர் ஒரு பன்னைக் கையில் ஏந்திக்கொண்டு பேக்கரிப் படியேறியபோது கல்லாவில் நாத்தனார்தான் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, காலங்காத்தால பன்னுக்கு ஊர்வலமா?"

"உங்க பன்னுல பருப்புப் போட ஆரம்பிச்சுட்டீங்க போல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விலையைக் கூட்டி வித்திருப்பேன்."

பன்னைப் பிளந்து காட்டினார். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு செங்கல் துணுக்கு, சிவப்பாக.

"வாத்தியார் கடிச்சுட்டு, பல்லு போச்சுன்னு கத்துறாரு."

"அவருக்கு ஏது பல்லு போறதுக்கு? எல்லாம் போன வருசமே போயாச்சு."

"இருந்த ஒண்ணு ரெண்டும் என் கடையில போனதா இருக்கக் கூடாது பாருங்க. பேரு கெட்டுடும்."

"சரி, வேற ரெண்டு எடுத்துக்குங்க. கோவிச்சுக்காதீங்க."

"எடுத்துக்கறேன். அதுலயும் செங்கல் இருந்தா சேர்த்து வச்சு வீடு கட்டிக்கறேன்."

நாத்தனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அவள் தம்பி மனைவி சிரிக்கவில்லை. கைகளை மாவிலிருந்து உருவி எடுத்து, துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அந்தத் துணுக்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

தெருவில் அவளுக்குக் கறாரம்மா என்று பெயர். சில்லறையில் ஒரு காசு அதிகமாக வந்துவிட்டால் ஆளைத் துரத்திப் போய்க் கொடுப்பாள். ஒரு காசு குறைந்தாலும் அதே மாதிரி துரத்திப் போய் வாங்குவாள். அவள் வாயிலிருந்து 'அப்புறம் பார்க்கலாம்' என்று ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்த அடுப்பைப் பற்றி மட்டும் சில மாதங்களாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுப்பென்றால் சமையலறை அடுப்பு இல்லை. ஒரு சின்ன அறை அளவுக்குச் செங்கல்லால் கட்டியது. இடுப்பு உயரத்தில் வாய். உள்ளே தரை தட்டையாக இருக்கும். மேலே கூரை வளைந்து இறங்கும். விறகை உள்ளேயே எரித்து, தணலை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, ஈரச்சாக்கு கட்டிய கம்பால் தரையைத் துடைத்துவிட்டு, அந்தக் காய்ந்த கல்லின் சூட்டிலேயே ரொட்டி வேக வேண்டும். முதல் சூட்டில் ரொட்டி, அது தணிந்த பின் பன், இன்னும் தணிந்தால் ரஸ்க். ஒரு தடவை மூட்டிய தீயில் மூன்று சரக்கு எடுத்துவிடுவார் அவள் புருசன் ரொட்டிக்காரர்.

அந்தக் கூரை வளைவில் பின்சுவரிலிருந்து வாயை நோக்கி ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. முதலில் மயிரிழை போலத்தான் இருந்தது. அப்புறம் கத்திமுனை நுழைந்தது. இப்போது விரல் நுழைகிறது. தினமும் பிற்பகல், அடுப்பு ஆறி மந்தமாக இருக்கும் வேளையில் ரொட்டிக்காரர் உள்தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, இடுப்புவரை உள்ளே போய், குழைத்த களிமண்ணை அந்த விரிசலில் அப்பிவிட்டு வருவார். அவள் வாய்ப்பக்கம் நின்று அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். எங்க போகப்போறேன்?"

ஆரம்பத்தில் இது வேடிக்கையாகத்தான் இருந்தது. நாளாக ஆக, அவர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தாலும் அவள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினார்கள். அவர் தலையை உள்ளே விடவே இல்லை. ஒரு கம்பை நீட்டி மேலே இங்கேயும் அங்கேயும் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"பொத்துப் பொத்துன்னு கேக்குது பாருங்க. வளைவுங்கறது ஒரு கல்லு அடுத்த கல்லைத் தாங்கி நிக்கிற விசயம்மா. நடுக்கல்லு இறங்கிடுச்சு. இனிமே மத்ததெல்லாம் பழக்கத்துல நிக்குது, அவ்வளவுதான்."

"மண்ணு பூசிப் பூசி ஓட்ட முடியாதா?" என்று அவள் கேட்டாள்.

"முகத்துக்குப் பவுடர் பூசுற மாதிரி. பூசலாம். பிரிச்சுக் கட்டணும்மா. கட்டி, காய விட்டு, சின்னத் தீயா வச்சுப் பழக்கணும். ஒரு மாசத்துக்கு அடுப்பு கிடையாதுன்னு வச்சுக்குங்க."

கொத்தனார் சொன்ன செலவும், அந்த ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு வீட்டில் தகர டப்பாவில் இருந்தது. ரொட்டிக்காரர் ரஸ்க் விற்ற காசிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்தது. செங்கல் பணம் என்றே அதற்குப் பெயர். மாவு மண்டிக்குக் கொடுக்க வேண்டிய கடனில் மிச்சம் நின்றதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வினையே அங்கேதான் இருந்தது.

இந்தப் பேக்கரியைத் தொடங்கியதே மண்டிக்காரர் கொடுத்த கடனில்தான். மாவும் அங்கேதான் எடுக்க வேண்டும், வட்டியும் அங்கேதான் கட்ட வேண்டும். ஆனால் மண்டிக்காரப் பெரியவர் நல்ல மனுசர். அசலில் கொஞ்சம் கட்டப் போனால் வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டு, "உன் பணம் மண்டியில இருக்குன்னு நினைச்சுக்க. தேவைப்பட்டா வந்து எடுத்துக்க" என்பார். சொன்னபடியே செய்தும் இருக்கிறார். ரொட்டிக்காரருக்குக் குடலிறக்க ஆபரேசன் நடந்தபோதும், நாத்தனாருக்குக் கண்ணில் திரை விழுந்தபோதும், அவள் போய் நின்றதும் ஒரு கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். அதனால் அவளுக்கு ஒரு கணக்கு மனதில் ஊறிப் போயிருந்தது: கையில் காசை வைத்திருப்பது முட்டாள்தனம். மண்டியில் கட்டினால் வட்டி குறையும். அவசரமென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

பன் திரும்பி வந்த அன்று, மாவு உருட்டும்போது பேச்சை அவளே எடுத்தாள்.

"டப்பால இருக்கிறதைக் கொண்டுபோய்க் கட்டிடலாம்னு இருக்கேன்."

ரொட்டிக்காரர் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த டப்பா?"

"நம்ம வீட்டுல எத்தனை டப்பா இருக்கு?"

"அது செங்கல் பணம்."

"பணத்துல செங்கல்னு எழுதியிருக்கா? இதைக் கட்டினா கடன் முடிஞ்சுது. வட்டி நிக்கும். வட்டிக்குப் போற காசை எடுத்து வச்சா நாலஞ்சு மாசத்துல அடுப்பு வேலையைப் பார்த்துக்கலாம். அதுக்குள்ள அவசரம்னா பெரியவர் இருக்காரு."

"அடுப்பு நாலஞ்சு மாசம் தாங்கும்னு உனக்கு எழுதிக் கொடுத்துச்சா?"

"இத்தனை நாளா தாங்குதுல்ல?"

"இத்தனை நாளா நான்தானே உள்ள போய்ப் படுத்து எந்திரிக்கிறேன். நீ வெளிய நின்னு இருக்கீங்களான்னு கேக்குறே."

நாத்தனார் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தாள். "ஏன் தம்பி, அவ சொல்றதுல என்ன தப்பு? வட்டிங்கறது நாம தூங்கும்போதும் தூங்காது."

"நீ சும்மா இரு அக்கா. உனக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது."

"சூடு வர்ற பக்கம் இருக்கு. அது தெரியும்."

கறாரம்மா உருட்டிய மாவையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "போன வாரம் மாவு எடுக்கப் போனேன். புதுச் செருப்புப் போட்டிருந்தேன். மண்டிக்காரர் மருமக வாசல்ல நின்னுட்டு இருந்தா. என் முகத்தைப் பார்க்கல. காலைப் பார்த்தா. 'புதுசா?'ன்னா. அவ்வளவுதான் கேட்டா."

"கேட்டா கேட்டுட்டுப் போறா. ஆமான்னு சொல்றதுதானே."

"சொன்னேன். சொல்லிட்டு, விலையையும் சொன்னேன். தள்ளுபடியில வாங்கினதுன்னும் சொன்னேன். நான் ஏங்க அவகிட்ட விலை சொல்லணும்?" அவள் உருண்டையைத் தட்டில் அழுத்தி வைத்தாள். "இத்தனை வருசமா ஒரு புடவை எடுத்தா மாவுச் சாக்குக்கு அடியில வச்சு வீட்டுக்குக் கொண்டு வர்றேன். ஒரு கிலோ மீன் வாங்கினா சந்து வழியா சுத்தி வர்றேன். ஒரு நாளாவது கையை வீசிட்டு நடுத்தெருவுல நடந்து வரணும்."

ரொட்டிக்காரர் அடுத்த உருண்டையை எடுத்தார். அவள் எதையும் கேட்டுப் பழகாதவள். கேட்டுவிட்டாளே என்று இருந்தது அவருக்கு.

"உன் இஷ்டம்," என்றார்.

மண்டியில் பெரியவர் வழக்கமான நாற்காலியில்தான் இருந்தார். ஆனால் நாற்காலி சுவரோரமாக நகர்ந்திருந்தது. மேசைக்குப் பின்னால் மகன் உட்கார்ந்திருந்தான். பெரியவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வாரம்தான் ஆகிறதாம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கன்னத்தில் வழிந்த எச்சிலை வேலையாள் துடைத்துவிட்டான். மாவுத் தூசி படிந்த வெளிச்சத்தில் அவர் கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தது.

அவள் மரியாதைக்கு, பணக்கட்டைப் பெரியவரிடமே நீட்டினாள். "ஐயா, இதோட முடிஞ்சுது. உங்க புண்ணியம்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நன்றாக இருந்த இடது கையால் கட்டை அவள் பக்கமே தள்ளினார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அவள் மறுபடி நீட்டினாள். அவர் மறுபடி தள்ளினார். இந்தத் தடவை கொஞ்சம் வேகமாக.

"அப்பாவுக்குக் கை நிக்காதும்மா. இப்படிக் கொடுங்க," என்று மகன் கையை நீட்டி வாங்கி எண்ணினான். பத்திரத்தைத் தேடி எடுத்துக் குறுக்கே கோடு போட்டுக் கொடுத்தான். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும் எங்களுக்கு," என்று சிரித்தான்.

பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பேச்சு வரவில்லையே என்று நினைத்துக்கொண்டு அவள் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

வரும் வழியில் மீன் வாங்கினாள். பையை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். எதிரே வந்தவர்களிடமெல்லாம் நின்று பேசினாள். "இவ்வளவு நாளா இவளுக்கு வாய் இருக்குன்னே தெரியாது" என்று தையல்காரர் நாத்தனாரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். முள் எடுக்கும்போதுகூட அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.

விறகு நனைந்தது. ஈர விறகு புகைந்து புகைந்துதான் எரிந்தது. அடுப்பு சூடேறவே பாதிப் பொழுது ஆனது. சூடு குறைந்து, கூடி, குறைந்து போனதில் வளைவு இன்னும் இளகியது. இப்போதெல்லாம் துணுக்கு விழவில்லை. கட்டியாக விழுந்தது. ஒரு நாள் ரொட்டித் தட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு விழுந்து, ஆறு ரொட்டியை நசுக்கிவிட்டிருந்தது. அது விழுந்த சத்தத்தில் தெருநாய் எழுந்து ஓடியது. ரொட்டிக்காரர் அந்தச் சில்லை எடுத்துக் கையில் எடை பார்த்தார். வெளியே கொண்டுபோய்ப் போட்டார். பிற்பகல் வழக்கம்போல் களிமண் குழைத்தார்.

"இன்னைக்கு வேண்டாங்க," என்றாள்.

"பூசலேன்னா நாளைக்குத் தீ மூட்ட முடியாது."

"மூட்ட வேண்டாம்."

"மூட்டலேன்னா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

அவள் தலையை வாரிக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினாள். மண்டி நடுவில் சில நாள் பூட்டிக் கிடந்தது. பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இவர்களும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஆனால் அவள் மனதில் மண்டி என்பது மண்டிதான். பணம் அங்கேதான் இருக்கிறது. ஆள்தான் மாறியிருக்கிறார்.

சுவரோரம் இருந்த நாற்காலியைக் காணோம். அந்த இடத்தில் சாக்கு அடுக்கியிருந்தது. மருமகள் கல்லாவில் இருந்தாள். மகன் எழுந்து நின்று, "வாங்கம்மா, உட்காருங்க," என்று நல்லபடியாகத்தான் சொன்னான்.

விசயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான்.

"வளைவு ரொம்ப மோசமாம்மா?"

"ரொம்ப."

"அடடா."

"ஐயா எப்பவும் சொல்லுவாங்க. உன் பணம் மண்டியில இருக்குன்னு நினைச்சுக்கன்னு."

"சொல்லுவாரு. எல்லார்கிட்டயும் சொல்லுவாரு." அவன் சிரிக்கவில்லை. "கொடுக்கல் வாங்கலை நிறுத்திட்டோம்மா. அப்பாவோட முடிஞ்சுது. இனிமே மாவுக்கும் கைக்காசுதான்."

அந்த நேரத்தில் இரண்டு ஆட்கள் ஒரு புது மாவு பிசையும் இயந்திரத்தைக் கயிறு கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பிஸ்கட்காரர் வீட்டுக்குத்தானே?" என்று ஒருவன் கேட்டான். மருமகள் தலையாட்டினாள்.

கறாரம்மா அதைப் பார்த்தாள். பிஸ்கட்காரர் மண்டிக்கு வைத்திருக்கும் பாக்கி ஊர் அறிந்தது. வட்டியே கட்டாத ஆள். மண்டிக்காரர்களைக் கண்டால் கொல்லைப்பக்கமாக ஓடுகிறவர்.

"அவருக்குக் கொடுக்கிறீங்களே," என்றாள். வாய் தவறி வந்துவிட்டது.

அவன் கொஞ்சம் சங்கடப்பட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, சொந்த மனுசியிடம் சொல்வதுபோலச் சொன்னான்: "அவர்கிட்ட எங்க பணம் நிக்குதும்மா. அவர் மெசின் ஓடலேன்னா எங்களுக்குத்தான் நட்டம். அவரைத் தாங்கித்தான் ஆகணும். நீங்க கட்டி முடிச்சவங்க. உங்க அடுப்புல எங்களுக்குன்னு ஒண்ணும் இல்லையே."

"அன்னைக்கு நான் கட்டாம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா நானே கொத்தனாரைக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

வெயில் தலைகாட்டாத ஒரு பிற்பகல் அது. தெருவில் தண்ணீர் தேங்கி நின்றது. அவள் நடந்து வரும்போது பெரியவர் பணக்கட்டைத் தள்ளியது நினைவுக்கு வந்தது. முதல் தடவை தள்ளியதும், இரண்டாம் தடவை வேகமாகத் தள்ளியதும். கை நிற்காதவர் ஒரே பக்கமாகத்தான் தள்ளுவாரா? நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த சைக்கிள்காரன் மணியடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

பேக்கரிக்குள் நுழைந்தபோது அடுப்பு வாயில் இரண்டு கால்கள் தெரிந்தன. சாக்கு நனைந்திருந்தது. உள்ளே களிமண் அப்பும் சத்தம் சப், சப் என்று கேட்டது. ஒவ்வொரு அப்புக்கும் மேலேயிருந்து பொடி உதிரும் சத்தமும் சேர்ந்து கேட்டது. நாத்தனார் வாய்ப்பக்கம் நின்று வாயில் முந்தானையை வைத்திருந்தாள்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், வரமாட்டேங்கறான்," என்று கிசுகிசுத்தாள்.

"வெளிய வாங்க," என்றாள் கறாரம்மா.

"ரெண்டு கை மண்ணுதான் பாக்கி. கிடைச்சுதா?"

சப். பொடி உதிர்ந்தது. கூடவே ஏதோ ஒரு கல் இன்னொரு கல்லில் உராய்ந்த சத்தம். மிருகம் ஒன்று பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி.

"கிடைச்சுது," என்றாள்.

உள்ளே கை நின்றது. "நிஜமாவா?"

"நிஜமா. நாளைக்குப் பணம் வரும். கொத்தனாரைக் காலையிலேயே வரச் சொல்லலாம். இனி அதுக்கு மண்ணு பூசி என்னத்துக்கு? வாங்க வெளிய."

அவர் முழங்கையை ஊன்றி ஊன்றி வெளியே வந்தார். தலைமுடி, புருவம் எல்லாம் செங்கல் தூள். "நீ போனா நடக்கும்னு எனக்குத் தெரியும்," என்றார். நாத்தனாரிடம், நாளையிலிருந்து சரக்கு இல்லை என்று கடைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டு வரச் சொன்னார். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அவள் பொய் சொல்லியிருக்கக்கூடும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார். தானும் பக்கவாட்டில் நின்றுகொண்டு, வாய் விளிம்பில் ஒரு கல்லைத்தான் நெம்பினார். ஒரே ஒரு கல்.

முதலில் சத்தம் இல்லை. அப்புறம் அடுப்பு பெருமூச்சு விட்டதுபோல உள்ளிருந்து வாய் வழியாகக் காற்றும் சாம்பலும் வெளியே அடித்தது. அதன் பிறகுதான் சத்தம் கேட்டது. தெருவில் ஆட்கள் ஓடி வந்தார்கள். தூசி அடங்க நெடுநேரம் ஆயிற்று. அடங்கியதும் பார்த்தால் நான்கு சுவர் மட்டும் நின்றது. வளைவு முழுவதும் தரையில் கிடந்தது. ரொட்டிக்காரர் மல்லாந்து படுக்கும்போது நெஞ்சு இருக்கிற இடத்தில்தான் குவியல் உயரமாக இருந்தது.

கொத்தனார் கடப்பாரையைக் கீழே வைத்தார். "நேத்து வரைக்கும் இதுக்குள்ளயா படுத்தீங்க?"

ரொட்டிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போன பின், கொத்தனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "செங்கல்லுக்கு வண்டி சொல்லணும். முன்பணம் கொடுத்தாத்தான் ஏத்துவான்."

"அவகிட்ட இருக்கு," என்றார் ரொட்டிக்காரர்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"இல்ல," என்றாள்.

"என்ன இல்ல?"

"மண்டியில கொடுக்கல. கொடுக்கவும் மாட்டாங்க. நான் பொய் சொன்னேன்."

நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள். "அடிப்பாவி. இந்த வீட்டுல நீ சொல்ற முதல் பொய்யே இத்தனை பெருசா இருக்கணுமா?"

ரொட்டிக்காரர் அவளைப் பார்க்காமல் குவியலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "உள்ளதைச் சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா இன்னைக்கும் உள்ள போயிருப்பீங்க."

அவர் ஒரு கல்லைக் காலால் தள்ளினார். "இனிமே என்ன பண்றது?" என்றார்.

"தெரியல."

கொத்தனார் சங்கடத்தோடு கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்தார். "என் கூலிம்மா..."

பாக்கி என்று ஒருவரிடம் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"பாக்கி," என்றாள்.

"எப்ப தருவீங்க?"

"தெரியலைங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தேதி சொல்லாமல் இந்த அம்மா பேசி அவர் கேட்டதில்லை. "சரி. குறிச்சு வச்சுக்கறேன்," என்றார்.

"குறிச்சுக்குங்க."

அவர் படியிறங்கும்போது மறுபடி தூறல் போட ஆரம்பித்தது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குவியலுக்குள் இறங்கினாள். முழுசாக இருந்த ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். அடுத்ததைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அடியில் கிடந்த கற்கள் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தன.